பாடகர் மாடத்துக்கு நான் கொடுத்த ஆறு உத்தரங்கள்

சேரன்மகாதேவிக்கு மேற்கே வாய்க்கால் கரையில் புகைகிறதே, அந்தச் செங்கல் சூளை நான் போட்டது. அதற்கு முன்னால் அந்த இடத்தில் உடைமரமும் பாம்புப் புற்றும்தான் இருந்தன. இரண்டு லாரி வாங்கினேன். முதல் லாரியை நானே ஓட்டினேன், லோடும் நானே ஏற்றினேன். மூன்று மாடி வீடு கட்டினேன். அதற்கு இன்ஜினீயர் யாரும் கிடையாது, கரித்துண்டால் தரையில் நான் போட்ட கோடுதான் பிளான். பாறையைப் பிளந்து கிணறு வெட்டினேன். "அங்கன தண்ணி வராதுவே" என்று சொன்னவர்களின் வயல் இன்றைக்கு அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் பாய்கிறது. மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்தேன். ஒன்பது ஏக்கரில் தேக்கு வைத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பா விட்டுப்போனது ஒரு மண்வெட்டியும் உடைந்த சைக்கிளும். இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சிலர் எழுதுவார்கள். நான் பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

இதில் ஒன்றை விட்டுவிட்டேன். எங்கள் கோயிலில் பாடகர் மாடத்தைத் தாங்குவதற்கு ஆறு தேக்கு உத்தரங்கள் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் கிறிஸ்தவர்கள் நாங்களும் தேவாலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். பின்வாசலுக்கு மேலே மரத்தளம் போட்ட ஒரு மாடம், ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு அதில் நின்று பாடும். கீழே ஆறு உத்தரம். பாம்புக்கோ போலீசுக்கோ பயப்படாத நான், பத்து மாதம் அந்த ஆறு கட்டைகளுக்குப் பயந்து கிடந்தேன்.

தேக்கிலிருந்து தொடங்குகிறேன். கன்று கொடுத்தவர் ஆறடிக்கு ஒன்று வைக்கச் சொன்னார், வைத்தேன். நாலாவது வருஷம் உள்ளே போனால் வானம் தெரியாது. ஒன்றின் கொப்பு மற்றதன் கொப்பில் நுழைந்து, அடிமரமெல்லாம் கைத்தடி கனத்தில் நின்றது. ஊடே ஊடே வெட்டிக் கலைத்தால்தான் மிச்சமிருப்பது பருக்கும் என்றார்கள். பத்து நடவுக்கூலி ஆளோடு ஆளாக நானும் குழி தோண்டி வைத்த கன்றுகள் அவை, வெட்ட மனசு வரவில்லை. ஆனாலும் வாய்க்கால் ஓரத்து வரிசைகளில் துணிந்து கைவைத்தேன். ஒன்றுவிட்டு ஒன்று, அப்புறம் அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று. ஒரே மூச்சில் வெட்டினேன். பக்கத்துத் தோட்டக்காரர்கள் "சூளைக்கு விறகு வேணும்னா வாங்க வேண்டியதுதானே அண்ணாச்சி" என்று கேலி செய்தார்கள். உள்ளே போகப் போக எனக்குக் கை ஓய்ந்துவிட்டது. நடுத்தோட்டத்தை நெருக்கமாகவே விட்டுவிட்டேன்.

அதனால் என் தோட்டத்தில் இரண்டு சாதி மரம் வளர்ந்தது. வாய்க்கால் ஓரத்தில் வெளிச்சமும் தண்ணீரும் தாராளமாகக் கிடைத்த மரங்கள் மடமடவென்று பருத்தன. பத்தாவது வருஷம் ஒன்றைக் கட்டிப்பிடித்தால் விரல் விரலைத் தொடாது. ஆள் உயரத்திலேயே கிளை. நடுவில் நின்றவை ஒல்லி. ஆனால் நெருக்கத்தில் கீழ்க்கிளைகள் வெளிச்சம் இல்லாமல் காய்ந்து தானாக உதிர்ந்துபோய், முப்பது அடிக்கு வழுவழுவென்று நேராக ஏறியிருந்தன. நான் யாரையும் நடுத்தோட்டத்துக்குக் கூட்டிப்போனதில்லை. வந்தவர்களையெல்லாம் வாய்க்கால் ஓரம் நிறுத்தி, "பாத்தியளா" என்பேன்.

பதினோராவது வருஷம் இரண்டாவது தடவை கலைக்க நாள் வந்தது. அதே வருஷம்தான் கோயிலில் மாடம் கட்ட முடிவானது. எங்கள் சபையில் முதற்பலன் என்று ஒரு முறை உண்டு. வயலில் அறுத்த முதல் மூட்டை, வாழையில் முதல் தார், பசு ஈன்ற முதல் கன்று, எல்லாம் கோயிலுக்கு. அதிலும் நல்லதாகப் பார்த்துக் கொடுக்க வேண்டும், சொத்தையைக் கொண்டுபோனால் ஊர் சிரிக்கும். நெல்லுக்கும் வாழைக்கும் இது சரி. மரம் கலைக்கிறபோது இது தலைகீழ். முதலில் எதை வெட்டலாம் என்று மரம் தெரிந்தவனைக் கேட்டால் கோணலையும் நோஞ்சானையும் காட்டுவான், நல்லதை நிற்க விடுவான். நாங்கள் கொழுத்ததைக் காட்டுவோம். நான் காட்டினேன். வாய்க்கால் ஓரத்தில் ஆறு மரம், என் தோட்டத்திலேயே பெரியவை.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்த ஆசாரி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தார். என் வீட்டு நிலை, சன்னல் எல்லாம் அவர் செய்ததுதான்.

"அண்ணாச்சி, இது வேண்டாம். ஓரத்துல நிக்கது பூராவும் கெளை விட்டு வளந்தது. அறுத்தா கணு கணுவா வரும். உள்ள நிக்கதப் பாருங்க, ஒல்லின்னாலும் கம்பி மாதிரி ஏறியிருக்கு."

"ஒல்லியக் கொண்டு கோயில்ல வைக்கச் சொல்லுதீரா? பாக்கவன் என்னைய என்னன்னு சொல்லுவான்?"

"அப்பம் பத்து வருசம் பொறுங்க. அவசரம்னா எங்க ஊர்ல பழைய வீடு இடிக்காவ. தாத்தா காலத்து மரம் கெடக்கு."

"முதற்பலனுக்கு ஊரான் வீட்டு இடிபாடா? நான் என்ன பழைய சாமான் கடையா வச்சிருக்கேன்?"

அவர் மரத்தில் கைவைத்தபடி சிரித்தார். "ஆண்டவரு கணு பாக்க மாட்டாரு அண்ணாச்சி. ஆனா மேல நிக்க ஆளோட பாரம் பாக்கும்."

வெட்டினோம். மில்லில் வைத்து அறுத்தபோது நான் முன்னால் நின்றேன். முதல் கட்டை வாய் பிளந்து விழுந்தது. நடுவில் டீ சாஸர் அளவுக்குத்தான் வைரம், பூச்சி தொடாத அந்தப் பழுப்புக் கட்டிமரம். சுற்றிலும் முற்றாத வெள்ளை. கிளை பிரிந்த இடமெல்லாம் உள்ளங்கை அகலத்தில் கணு. நடுநரம்பில் விரல் கனத்துக்கு மெத்தென்று சோறு. ரம்பம் ஓட்டுகிறவர் மிஷினை நிறுத்தி வைரத்தைக் கட்டைவிரலால் அளந்து பார்த்தார். "பால்குடி மறக்காத பிள்ளையால்லா இருக்கு" என்றார். ஆசாரி என் முகத்தைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்.

"தேக்குன்னா தேக்குதான்வே. மீதியையும் அறும்" என்றேன்.

காய வைக்கவும் நாள் கொடுக்கவில்லை. பிரதிஷ்டைக்குத் தேதி குறித்தாகிவிட்டது. ஈரத்தோடு இழைத்து ஏற்றினோம். இன்னொன்றும் செய்தேன், அதை இதுவரை எழுத்தில் ஒப்புக்கொண்டதில்லை. வெள்ளையும் பழுப்பும் தனித்தனியாகத் தெரிந்தால் அசிங்கமாக இருக்கும், எல்லாம் ஒரே நிறத்துக்கு வர வேண்டும் என்று சொல்லிக் கருஞ்சாயம் கலந்த வார்னிஷை மூன்று கை அடிக்க வைத்தேன். வேகாத கல்லுக்குச் செம்மண் பூசி வெந்த கல் என்று விற்றவன் ஒருவனை நான் சூளைப் பக்கம் அண்ட விட்டதில்லை, நாலு பேர் முன்னால் அவன் முகத்தில் காறித் துப்பியிருக்கிறேன். அதையேதான் நானும் செய்தேன்.

பிரதிஷ்டை நாளில் அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லாரும் "அடேயப்பா" என்றார்கள். பாடகர் குழு வரிசையாகப் படியேறியது. அதில் என் மனைவியும் உண்டு. நாற்பது வருஷமாகப் பாடுகிறாள், கனத்த சரீரம். படியில் நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "நான் ஏறி நின்னுட்டேன்னா உங்க மரம் பாஸ்தான்" என்றாள். சுற்றி நின்றவர்களோடு நானும் சிரித்தேன்.

அதுவரை முன்வரிசையில் உட்காருகிறவன், அன்றிலிருந்து மாடத்துக்குக் கீழே உட்கார்ந்தேன். உத்தரத்தைப் பார்த்து யார் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கத்தான். ஏழெட்டு மாதம் சந்தோஷமாகக் கேட்டேன்.

ஒரு ஞாயிறு பிரசங்கத்தின் நடுவே என் தோளில் ஏதோ விழுந்தாற்போல இருந்தது. தட்டினேன். மாவு, சலித்த அரிசிமாவு மாதிரி. அண்ணாந்து பார்த்தேன். மூன்றாவது உத்தரத்தின் ஓரத்தில், வார்னிஷுக்கு மேலே, ஊசி குத்தினது மாதிரி துளைகள். வெள்ளையில் பூச்சி விழுந்து உளுக்க ஆரம்பித்துவிட்டது. அன்றைக்குக் குருவானவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. அடுத்த பாட்டுக்காக மேலே முப்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். உத்தரம் ஒரு சத்தம் கொடுத்தது. பெரிய சத்தமில்லை, விரல் சொடுக்கினதுபோல.

அதற்குப் பிறகு கோயிலுக்குப் போவதென்றால் எனக்கு ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி. மேலே எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ணுவேன். பருமனான ஆள் ஏறினால் இரண்டாக எண்ணுவேன். எல்லாரும் கண்ணை மூடி ஜெபம் பண்ணும்போது நான் கண்ணைத் திறந்து மேலே பார்த்துக்கொண்டிருப்பேன். என் மனைவி எப்போதும் மூன்றாவது உத்தரத்துக்கு நேர் மேலேதான் நிற்பாள், அது அவள் இடம். அவள் குரல் தனியாகக் கேட்கிறவரை எனக்கு மூச்சு வரும். பாட்டு முடிந்து அவர்கள் உட்காருகிற அந்த நொடியில் மூச்சு நின்றுவிடும்.

வீட்டில் வைத்து அவளிடம் பைய ஆரம்பித்தேன்.

"இனி பாட்டை விட்டுறலாம்லா. வயசாச்சு."

"யாருக்கு, எனக்கா, பாட்டுக்கா?"

"முட்டு வலிக்கு, படி ஏற முடியலன்னு சொல்லிரு."

"முட்டு வலி உங்களுக்கு. நான் எதுக்குச் சொல்லணும்? எவளாவது என் குரலைப் பத்திச் சொன்னாளா? யாருன்னு சொல்லுங்க, நான் கேட்டுக்கிடுதேன்."

"யாரும் சொல்லலட்டி."

"பின்ன என்னத்துக்குக் கோயில்ல எந்நேரமும் அண்ணாந்து என்னையவே பாத்துக்கிட்டு இருக்கிய? பக்கத்துல நிக்கவ கேக்கா, உங்க வீட்டுக்காரருக்கு இந்த வயசுல என்ன இவ்வளவு ஆசைன்னு."

உன் காலுக்குக் கீழே நான் வைத்த மரம் சரியில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நான் வைத்தது எதுவும் சரியில்லாமல் போனதாக அவள் கேள்விப்பட்டதே கிடையாது.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோயில் சாவி வாங்கி, பல்பு மாட்டணும் என்று பொய் சொல்லி, ஏணி போட்டு ஏறினேன். வெந்த கல்லையும் வேகாத கல்லையும் தட்டிப் பார்த்தே சொல்லுகிற காது என்னுடையது. ஸ்க்ரூ டிரைவரின் பின்பக்கத்தால் முதல் உத்தரத்தைத் தட்டினேன், கணீரென்றது. இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவது, ஈரத்துணியில் தட்டின மாதிரி. முனையை வைத்து அழுத்தினேன். வெள்ளைப் பக்கத்தில் பாதிக்கு மேல் இறங்கிவிட்டது. ஐந்தாவதில் ஒரு பெரிய கணு, அதிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு விரிசல், பென்சில் நுழையும். யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். தரையில் கால் பட்டதும் அந்த நினைப்பு போய்விட்டது. மறுநாள் தச்சர்கள் சந்து அடைக்கிற மக்கு வாங்கி வந்து அந்த விரிசலில் பூசி, மேலே சாயம் தடவினேன்.

ஆசாரியிடம் மட்டும் போனேன். உளியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"விழுமாவே?"

"விழும்னும் சொல்ல முடியாது, விழாதுன்னும் சொல்ல மாட்டேன். நான் என்ன சோசியனா? அடியில தாங்க ரெண்டு இரும்பு முட்டு குடுங்கன்னு சொல்லுதேன்."

"முட்டு குடுத்தா ஏன்னு கேப்பானே?"

"கேப்பான்தான். சொல்லணும்."

"கிறிஸ்மஸ் கழியட்டும்" என்றேன்.

அவர் உளியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "அண்ணாச்சி, கிறிஸ்மஸுக்குத்தான் மேல கூட்டம் ஏறும்."

அது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னேன். பயத்தைத் தள்ளிப்போட ஒரு தேதி கிடைத்தால் போதும் என்றிருந்தது.

அந்த வருஷம் கிறிஸ்மஸ் கீத ஆராதனைக்கு மூன்று சபையின் பாடகர்களும் சேர்ந்து பாடுவதென்று ஏற்பாடு. வழக்கமாக முப்பது பேர் நிற்கிற மாடத்தில் எழுபது பேர். பாட்டைப் பற்றி வீட்டில் பேச்சே நின்றுபோயிருந்ததால், எனக்கு இது அன்றைக்குச் சாயங்காலம் கோயில் முற்றத்தில் இரண்டு வேன் வந்து நின்ற பிறகுதான் தெரியும். வெள்ளைச் சேலையும் வெள்ளைச் சட்டையுமாக இறங்கிக்கொண்டே இருந்தார்கள். நான் எண்ணினேன். முப்பதுக்கு மேல் எண்ண முடியவில்லை. கூட்டம் படிப்பக்கம் நகர்ந்தது. முதல் ஆளாக என் மனைவி, விருந்தாளிகளுக்கு வழிகாட்டுகிறவளாக, ஒரு காலைப் படியில் வைத்துவிட்டாள்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. படியில் குறுக்கே நின்று இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்துக்கொண்டேன்.

"யாரும் ஏறக் கூடாது."

"என்ன செய்யுதிய? வழிய விடுங்க, வெளியூர்க்காரங்க பாக்காங்க" என்றாள் அவள், பல்லைக் கடித்துக்கொண்டு.

கமிட்டி ஆள் ஒருவர், ரிட்டயர்டு வாத்தியார், எனக்கு ஆகாதவர், பின்னாலிருந்து சத்தம் கொடுத்தார். "மாடம் என்ன உம்ம வீட்டு மாடியாவே? உத்தரம் குடுத்தா படியும் உம்மதா?"

குருவானவர் வந்தார், என் மகன் வயசு. "ஐயா, உடம்புக்கு முடியலையா? உக்காருங்க" என்று என் தோளைத் தொட்டார்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல. மரத்துக்கு முடியல" என்றேன். "மேல இருக்கது வெள்ளை மரம். உள்ள வைரம் கெடையாது. எனக்கு அறுத்த அன்னைக்கே தெரியும். சாயம் அடிச்சு மறைச்சது நான். மூணாவது உளுத்துப்போச்சு, அஞ்சாவது விரிஞ்சுபோச்சு. மக்கு வச்சு அடைச்சதும் நான். எழுபது பேரு ஏறுனா என்ன ஆவும்னு எனக்குத் தெரியாது, என்னால நிக்க முடியாது, ஏறாதிய."

ஆர்மோனியக்காரர் ஏதோ ஒரு கட்டையை அழுத்திவிட்டு நிறுத்தினார். என் மனைவி படியிலிருந்து காலை எடுத்தாள். "ஒண்ணரை வருசமா என்னைய அதுமேல நிக்க விட்டியளா?" என்றாள். அவள் அப்படிக் கேட்ட குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. அன்றைக்கு அவர்கள் எல்லாரும் பீடத்துக்கு முன்னால் தரையில் நின்று பாடினார்கள். நன்றாகத்தான் இருந்தது என்று பிறகு சொன்னார்கள். நான் வெளியே வேனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பொங்கல் கழிந்து ஆசாரி வந்து உத்தரங்களைக் கழற்றினார். மூன்றாவதைக் கீழே இறக்கும்போது ஒரு பக்கம் பொத்துக்கொண்டு, படி கணக்கில் மாவு கொட்டியது. ஐந்தாவது, கணுவில் பாதி வரை விட்டிருந்தது. ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும், மற்ற நாலும் ஒன்றும் ஆகவில்லை. அதைப் பார்த்ததும் வாத்தியார் பிடித்துக்கொண்டார். "நாலு நல்லாத்தானே இருக்கு? விழுந்திருக்காதுவே. நீரா பதறி, வந்த விருந்தாளி முன்னால நம்ம சபையக் கேவலப்படுத்துனீரு."

விழுந்திருக்குமா? எனக்குத் தெரியாது. ஆசாரிக்கும் தெரியாது. விழாமலே இருந்திருக்கலாம். அந்த எழுபது பேரும் பாடி முடித்து, இறங்கி, கேக் தின்றுவிட்டு வேனில் ஏறிப் போயிருக்கலாம். இதை நினைத்தால் ஒரு பக்கம் வெட்கமாக இருக்கிறது. மறுபக்கத்தை நினைத்தால் ராத்திரி எழுந்து விளக்கைப் போட வேண்டியிருக்கிறது.

இப்போது நடுத்தோட்டத்தைக் கலைக்கிறேன். இந்தத் தடவை ஆசாரி சொன்னபடி. கோணல், நுனி ஒடிந்தது, மற்றதன் அடியில் ஒடுங்கி நிற்பது, இவற்றில்தான் முதலில் கோடாலி. ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் திறந்துவிட்டால் நெருக்கத்தில் வளர்ந்த ஒல்லி மரம் ஆடிக் காற்றில் வளைந்துவிடும், கீழே மறுபடி கிளையும் அடிக்கும். அதனால் கொஞ்சம் வெட்டி, இரண்டு வருஷம் விட்டு, மறுபடி கொஞ்சம். சின்ன வயசில் நெருக்கம், கிளை உதிர்ந்த பிறகு இடம். வைரம் பாய்வதற்கு அதற்கும் மேலே வருஷம் வேண்டும், அது தண்ணீர் விட்டு வருவதில்லை. படித்தவர்கள் வேறு மாதிரி சொல்லுவார்கள், சொல்லட்டும். எனக்கு ரம்பம் பிளந்து காட்டியது இதுதான். என் மனைவி தோட்டத்துக்கு வருவாள், ஆனால் வாய்க்கால் ஓரத்து மரங்களுக்குக் கீழே நிற்கமாட்டாள்.

மாடத்துக்கு இப்போது இரும்பு கர்டர் வந்துவிட்டது. வெளிநாட்டில் இருக்கிற ஒருவர் கொடுத்தார். பின்வாசல் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், அதில் "தேக்கு உத்தரங்கள்" என்று போட்டு என் பெயர் இருக்கிறது. அதைச் செதுக்கி எடுத்துவிட்டு இரும்பு கொடுத்தவர் பெயரைப் போடுவதென்று கமிட்டியில் முடிவு செய்திருக்கிறார்களாம். மரமே இல்லாதபோது பேர் எதற்கு என்று வாத்தியார் கேட்டாராம்.

கமிட்டிக்கு நான் சொல்வது இதுதான், எழுத்திலேயே சொல்கிறேன். இரும்பு கொடுத்தவர் பெயர் வரட்டும், தாராளமாக வரட்டும். என் பெயரை எடுக்கக் கூடாது. மரம் கொடுத்தவன் என்று மட்டும் வைத்தாலும் ஒப்பமாட்டேன், அது பாதிதான். கெட்ட உத்தரம் கொடுத்தவன் நான், எழுதுங்கள். அதைச் சாயம் அடித்து மறைத்தவன் நான், வேண்டுமானால் அதையும் எழுதுங்கள். எழுபது பேர் ஏற இருந்தபோது படியில் குறுக்கே நின்று, தன் வாயாலேயே தன் மரத்தைக் குறை சொன்னவனும் நான்தான். அந்தக் கோயிலில் வேறு யாருக்கும் அது தெரியாது, வேறு யாரும் அதைச் சொல்லவுமில்லை. என் பெயரை எடுக்க உளியோடு வருகிற ஆள், அதற்குப் பதிலாகப் படியில் குறுக்கே நின்றவன் என்ற அந்த வரியை அந்தக் கல்லில் வெட்டிவிட்டுப் போக வேண்டும்.